பத்து இருபதுக்கு ஓடிய ரோலர்

பூவரசங்கானம் எஸ்டேட்
வண்டிப்பெரியார் வழி
9-6-1974

சிரஞ்சீவி பட்டுவுக்கு,

அண்ணாவின் ஆசீர்வாதம். இங்கே மன்னிக்கு முழங்கால் வலி, எனக்கு ஜலதோஷம். மற்றபடி இருவரும் சௌக்கியம். அம்மாவின் இருமல் குறைந்ததா? கல்பாத்தியில் மழை பிடித்திருந்தால் ராத்திரி ஜன்னலைச் சாத்தச் சொல். சொன்னால் கேட்க மாட்டாள், நீயே சாத்திவிடு.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஜனவரியில் எங்கள் ஃபேக்டரிக்கு ஜெர்மனியிலிருந்து தேயிலை உருட்டும் ரோலர் வந்தது தெரியுமல்லவா? அதன் கையேட்டை இங்கிலீஷில் பண்ணிக் கொடுத்ததே நீதானே. போன மாதம் 28-ஆம் தேதி அதில் ஒரு விபத்து. கருத்தப்பாண்டி என்ற தொழிலாளிக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்குப் பயமில்லை.

மெஷினுக்குக் காரண்டி இருப்பதால் செய்த கம்பெனிக்காரர்கள் ஜெர்மன் மொழியில் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். ஃபேக்டரிப் பொறுப்பு டீமேக்கருக்குத்தான் என்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு மெஷினுடையதா ஆளுடையதா என்று அவர்கள் அபிப்பிராயம் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் இங்கே விசாரணை முடியும். மானேஜரும் நானும் சேர்ந்து எழுதிய இங்கிலீஷ் ரிப்போர்ட் இரண்டு பக்கம் இத்துடன் இருக்கிறது. நீ யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. வார்த்தைக்கு வார்த்தை மாற்றி அனுப்பினால் போதும்.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

அண்ணா
வெங்கிடாசலம்


புதிய கல்பாத்தி
14-6-1974

அண்ணாவுக்குப் பட்டுவின் நமஸ்காரம்.

அம்மாவின் இருமல் பகலில் இல்லை, சாயங்காலம் சரியாக விளக்கேற்றும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "வெங்கிட்டுவுக்கு எழுதறயா? மழையிலே நனையாதேன்னு எழுது. ஃபேக்டரிக்குள்ளே மழை பெய்யாதுன்னு அவன் சொல்லுவன், ஆனாலும் எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன்.

வார்த்தைக்கு வார்த்தை மாற்றலாம் என்று உனக்கு யார் சொன்னது? உங்கள் ரிப்போர்ட்டில் 'ரன்' என்ற ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் ஓட்டியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடம். ஃபேக்டரியை நீ 'ரன்' பண்ணுகிறாய். குழாய் சுவரோரமாக 'ரன்' ஆகிறது. ரோலர் ஜனவரியிலிருந்து நன்றாக 'ரன்' ஆகிறது. ஜெர்மன்காரன் இதற்கெல்லாம் வேறு வேறு சொல் வைத்திருக்கிறான். அம்மா மோர்க் கரண்டியை எண்ணெயில் போட விடாத மாதிரிதான். நீ ஃபேக்டரியை நடத்துவதற்கு 'லைட்டன்', ரோலர் ஓடுவதற்கு 'லௌஃபன்'. மாற்றிப் போட்டால் நீ சக்கரத்தில் சுற்றுவதாக அர்த்தம் வந்துவிடும்.

எட்டு இடத்தைத் தீர்த்துவிட்டேன். ஒன்பதாவது இடத்தில்தான் நிற்கிறேன். "காலை பத்து இருபதுக்கு ரோலர் 'ரன்' ஆனபோது கருத்தப்பாண்டியின் வலது கை உள்ளே இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக ஓடியதா, யாராவது கைப்பிடியை இழுத்து ஓட்டினார்களா? இங்கிலீஷில் இதைச் சொல்லாமலே போய்விடலாம். ஜெர்மனில் தானாகக் கிளம்பியதற்கு ஒரு சொல், ஆள் கிளப்பியதற்கு வேறு சொல். இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். எது என்று ஒரு கார்டு போடு, மறுநாளே அனுப்பிவிடுகிறேன்.

அந்த மனுஷருக்குக் குழந்தைகள் உண்டா? அதையும் எழுது. மன்னியின் முழங்காலுக்குத் தைலம் காய்ச்சி அம்மா வைத்திருக்கிறாள்.

உன் பட்டு


பூவரசங்கானம்
2-7-1974

சிரஞ்சீவி பட்டுவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. குமுளி ரோட்டில் மண் சரிந்து நாலு நாள் பஸ் இல்லை. அதற்கப்புறம் இலை வரத்து அதிகமாகி மூச்சுவிட நேரமில்லை. பெரியாற்றில் தண்ணீர் பாலத்தைத் தொடுகிறது என்று எங்கள் பால்காரர், ஆசீர்வாதம் என்று பெயர், வந்து சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று மன்னிக்கு ஆசை. முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே போவது? இந்த வருஷம் மிளகுக்கொடி நன்றாகப் பூத்திருக்கிறது. அம்மாவுக்குத் தேன் அனுப்புகிறேன், இருமலுக்கு ஆகும். சுத்தமான காட்டுத் தேன்.

அந்த இடத்தில் தானாக ஓடியது என்றே போட்டுவிடு. பெரிய விஷயமில்லை.

அண்ணா


புதிய கல்பாத்தி
7-7-1974

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

தேன் வந்தது. அம்மா இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, "இவன் சின்ன வயசிலே எறும்புக்கு பயந்துண்டு தேனே தொடமாட்டன்" என்று பக்கத்தாத்து சுப்புலட்சுமியிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ சொன்னபடியே தானாக ஓடியது என்று எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அதே ரிப்போர்ட்டின் கடைசிப் பாராவில், மெஷினைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு கோளாறும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறில்லாத மெஷின் தானாக எப்படிக் கிளம்பும் என்று அவர்கள் முதல் கேள்வியே கேட்பார்கள். தவிர, கைப்பிடியைக் கீழே இழுக்காமல் அது ஓடவே ஓடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த வரியை இங்கிலீஷில் எழுதினவளே நான்தான்.

தொந்தரவு செய்கிறேன் என்று நினைக்காதே. ஒரு மனுஷருடைய கை போயிருக்கிறது. என் மேஜையில் அது ஒரு வினைச்சொல்லாகக் கிடக்கிறது. சரியாக எழுத வேண்டும் என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. உன் ஜலதோஷம் எப்படி?

பட்டு


பூவரசங்கானம்
19-7-1974

பட்டுவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம்.

கருத்தப்பாண்டி சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது தானே கவனமில்லாமல் மெஷினை ஓட்டிவிட்டான் என்று எழுது. மானேஜரின் அபிப்பிராயமும் அதுதான். ரிப்போர்ட்டுக்கு அதுதான் பொருள். ஜெர்மனியிலிருந்து பதில் வரும்வரைகூட அவர் காத்திருப்பதாக இல்லை. ஆள் தப்பு என்று ஆனால் அவனுக்கு நஷ்டஈடு கிடையாது, வேலையும் கிடையாது. வேலை இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு இல்லை என்பது எஸ்டேட் சட்டம். செப்டம்பர் முப்பதுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். இதில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். இரண்டு பெண் குழந்தைகள்.

மறு தபாலில் அனுப்பிவிடு. மானேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மேற்கொண்டு கேள்வி வேண்டாம்.

அண்ணா


பூவரசங்கானம்
28-7-1974

அன்புள்ள பட்டுவுக்கு மன்னி ஆசீர்வாதம்.

அம்மா காய்ச்சிக் கொடுத்த தைலம் வந்து சேர்ந்தது, தேய்த்துக்கொள்கிறேன். சேஷம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கே நினைக்கிறீர்களே, அதுவே எனக்குப் பாதி மருந்து. நான் எழுதுவது உன் அண்ணாவுக்குத் தெரியாது. பால்காரர் ஆசீர்வாதத்திடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

கருத்தப்பாண்டியின் பெண்டாட்டி மாரித்தாய் நம் வாசலுக்கு வந்தாள். வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அம்மா, அவுக துண்டு ஃபேக்டரியிலயே தங்கிருச்சு. அத மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. கேட்டுக்கிட்டே கெடக்காக."

ஒரு துண்டுக்கா இப்படி என்றேன்.

"ரோலருக்குள்ள கைய விடுறதுக்கு முந்தி, ஓட்டுற கைப்பிடியில துண்டக் கட்டிட்டுத்தாம்மா எறங்குவாக. உள்ள ஆளு இருக்குன்னு அருத்தம். கட்டுனவுகதான் அவுக்கணும், தொரையே வந்தாலும் தொட மாட்டாக. அன்னிக்கும் கட்டிட்டுத்தான் எறங்குனாக. அது இப்ப எங்க இருக்குன்னு கேக்காக."

கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் வெயில் வந்ததே என்று உன் அண்ணாவின் மழைக்கோட்டை உதறிப் போட எடுத்தேன். உள் பையில் ஒரு துண்டு இருந்தது. காவிக் கட்டம் போட்டது, தேயிலைக் கறை. நம் வீட்டுத் துண்டு இல்லை. இது யாருடையது என்று கேட்டதற்கு அவர் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு மாதமாகவே ராத்திரியில் தூக்கமில்லை. நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இங்கிலீஷும் தெரியாது, உன் ஜெர்மனும் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை என்று மட்டும் தெரியும். நீ எழுதினால் கேட்பார்.

மன்னி


புதிய கல்பாத்தி
2-8-1974

அண்ணாவுக்கு,

நமஸ்காரம். அம்மா சௌக்கியம்.

மன்னி எழுதினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கோபிக்க உனக்கு இப்போது பாத்தியதை இல்லை.

கையேட்டின் படத்தை எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி இருப்பது தூணில், ரோலரிலிருந்து நாலடி தள்ளி. உள்ளே கையை விட்டவன் தானே அதை இழுக்க முடியாது. இது உனக்கும் தெரியும். துண்டு கட்டியிருந்தது, யாரோ அவிழ்த்தார்கள், கைப்பிடியை இழுத்தார்கள். அவிழ்த்த துண்டு உன் மழைக்கோட்டில் இருக்கிறது. நீ அவிழ்த்தாய், அண்ணா.

எனக்குக் கோபம் வருகிறது. அதைவிட அழுகை வருகிறது. நான் மெட்ராஸில் வேலைக்குப் போய்க்கொண்டு சாயங்கால வகுப்பில் ஜெர்மன் படிக்கப் போகிறேன் என்றபோது, தெருவில் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். "அவ படிக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான். அந்தப் படிப்பை வைத்து, ஒரு கை இல்லாதவன் தலையில் பழியைத் தூக்கி வைக்கச் சொல்கிறாய்.

ரிப்போர்ட் முழுக்கத் தயார். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அன்றைக்கு நடந்ததை நீ தமிழில் எழுதி அனுப்பு. அதை நான் மொழிபெயர்க்கிறேன். நீ சொல்கிற மற்றது எதையும் எழுத மாட்டேன்.

பட்டு


பூவரசங்கானம்
4-9-1974

பட்டுவுக்கு ஆசீர்வாதம்.

ஒரு மாதமாக மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மானேஜரிடம் உனக்கு டைபாய்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கும் மன்னித்துக்கொள்.

மே மாதம் மழைக்கு அப்புறம் பறித்த இலை ஃபேக்டரியில் வந்து குவியும். அன்று இலை வாட்டும் மாடி நிறைந்து, படியில் சாக்குச் சாக்காகக் கிடந்தது. வாடின இலை காத்திருந்தால் புளித்துவிடும். மானேஜர் காலையிலிருந்து மூன்று முறை போனில் கத்திவிட்டார். நான் கீழே வந்தபோது ஜெர்மன் ரோலர் மட்டும் நின்றிருந்தது. கைப்பிடியில் துண்டு கட்டியிருந்தது. பக்கத்தில் ஆள் தெரியவில்லை. அந்த வாரம் இரண்டு முறை கருத்தப்பாண்டி துண்டை அவிழ்க்க மறந்துவிட்டுச் சாயா குடிக்கப் போயிருந்தான். இன்றும் அப்படித்தான் என்று நினைத்தேன். குனிந்து பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பதினேழு வருஷத்தில் நான் தொட்ட முதல் துண்டு அது. அவிழ்த்தேன், இழுத்தேன்.

அப்புறம் வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

துண்டு எப்படிப் பைக்குள் போயிற்று என்று எனக்கே தெரியாது. மானேஜர் ஓடிவந்து, "யார் ஓட்டினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "இவனேதான் ஓட்டியிருப்பான்" என்றார். நான் பேசாமல் நின்றேன். பொய் சொல்லவில்லை, பேசாமல்தான் இருந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விசாரணையில் கருத்தப்பாண்டி, "ஒண்ணும் வெளங்கலய்யா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். என்னை அவன் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்திருந்தால் சொல்லியிருப்பானே.

எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வேலை போனால் இந்த வீடும் போகும். இனி நீ என்ன வேண்டுமானாலும் எழுது. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அண்ணா


புதிய கல்பாத்தி
9-9-1974

அண்ணாவுக்குப் பட்டுவின் நமஸ்காரம்.

நீ எழுதினதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, அவனோட சண்டையா?" என்றாள். ஆமாம் என்றேன். "பெரியவனாக்கும், நீதான் விட்டுக்குடுக்கணும்" என்றாள். அந்த ஒன்று மட்டும் என்னால் முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. டைப் அடித்து இரண்டு பிரதி. அந்த ஒன்பதாவது இடத்தில் உன் பெயர் இருக்கிறது. கைப்பிடியில் ஆள் இருப்பதற்கான அடையாளம் கட்டியிருந்தது என்றும், டீமேக்கர் வெங்கிடாசலம் அதை அவிழ்த்து ரோலரை ஓட்டினார் என்றும் எழுதியிருக்கிறேன்.

இதை நான் நேரே ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. கையெழுத்து உன்னுடையது. உங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் இதில் ஒரு எழுத்துத் தெரியாது. அதில் இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்பு, இல்லை கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்து எழுதிக்கொள். எது செய்தாலும் நீ என் அண்ணாதான். ஆனால் கிழித்தால் எனக்குக் கடிதம் எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

மன்னியைக் கவனித்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

பட்டு


பூவரசங்கானம்
3-10-1974

சிரஞ்சீவி பட்டுவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

மன்னி சௌக்கியம். பாத்திரங்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று சொல்கிறேன்.

உன் ரிப்போர்ட்டில் 16-ஆம் தேதி கையெழுத்துப் போட்டேன். மானேஜர் புரட்டிப் பார்த்து, "சிஸ்டர் நல்லாப் பண்ணியிருக்கு" என்று சொல்லித் தன் கையெழுத்தையும் போட்டார். அன்றே ஏர் மெயிலில் போயிற்று. சொல்லிவிட்டேன், இனி அவர்கள் பாடு என்று அன்று ராத்திரி தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன்.

மூன்றாம் நாள் லயத்துப் பக்கம் போக வேண்டியிருந்தது. மாரித்தாய் கூரையிலிருந்து விறகை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய பெண் அடுப்புக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆகும். இவர்கள் முப்பதாம் தேதி தெருவில் நிற்பார்கள். இங்கே ஒருவருக்கும் புரியாத மொழியில் உண்மையைச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உன்னிடம் சொல்வதற்கென்ன, அழுதேன்.

27-ஆம் தேதி நோட்டீஸில் கைநாட்டு வாங்க மானேஜர் கருத்தப்பாண்டியை ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார். யூனியன்காரர் பவுல்ராஜும் வந்திருந்தார். நான் எழுந்து, ரோலரை ஓட்டினது நான்தான் என்று தமிழில் சொன்னேன். துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பவுல்ராஜ் அந்த இடத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். நோட்டீஸை ரத்து செய்தாயிற்று. கருத்தப்பாண்டிக்கு நஷ்டஈடு எழுதிப் போயிருக்கிறது, வீடும் அவர்களுக்கே. என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டேன். லேபர் ஆபீஸர் முன்னால் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, பதினைந்தாம் தேதி வாக்கில் இரண்டு பேரும் அங்கே வருவோம். அம்மாவிடம் நானே நேரில் சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சொல்லி முடித்ததும் மானேஜர் கருத்தப்பாண்டியைப் பார்த்து, "இவர்தான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்யா" என்றான். "அவுக துண்ட அவுக்கயிலேயே பாத்தேன். கத்துனேன். பக்கத்து மெசினு சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல. கைய உருவுறதுக்குள்ள ஓடிருச்சு."

"பின்னே ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நாஞ் சொன்னா யாருய்யா நம்புவா? கை போன ஆத்திரத்துல ஐயா மேல பழி போடுறேம்பீக. அவுகளாச் சொன்னாத்தான் உண்டு." அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். கோபமாகப் பேசவில்லை, பட்டு. "ஐயா ஆஸ்பத்திரிக்கு மூணு வாட்டி வந்தாக. ஒவ்வொரு வாட்டியும், இப்பச் சொல்லுவாக, இப்பச் சொல்லுவாகன்னு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆரஞ்சு குடுத்துட்டுப் போனாக."

மூன்று முறைதான் போனேன்.

அண்ணா